தாமுவே நிலையத்தில் தெரியும் முகங்கள்

(பெற்றோரும் இளையோரும் கூடிய அரங்கில் நிகழ்த்தப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)



தொடர்வண்டியில் எதிரே அமர்ந்திருக்கும் ஒருவரின் முகத்தைப் பார்த்து, "இவர் யார்? எங்கிருந்து வந்தவர்? இவர் வீட்டில் என்ன மொழி பேசுவார்கள்?" என்று ஒருமுறையேனும் எண்ணிப் பார்க்காதவர் எவரும் இருக்க முடியாது. புலம்பெயர்ந்த நாடுகளில் வளரும் தமிழ்ப் பிள்ளைகளுக்கு இந்தக் கேள்வி இரு திசைகளிலிருந்தும் வருகிறது. அவர்கள் பிறரைப் பார்த்து வியக்கிறார்கள். பிறரும் அவர்களைப் பார்த்து, "நீ உண்மையில் எந்த ஊர்?" என்று கேட்கிறார்கள். அதற்கு ஒரு சொல்லில் விடை கூற முடியாமல் அவர்கள் தயங்குவதைப் பெற்றோர் அறிவர்.

இந்தக் கேள்வியை ஓர் ஊரில் நிறுத்திப் பார்ப்பதே இன்றைய உரையின் நோக்கம். அந்த ஊர் தாமுவே. மியான்மர் நாட்டின் பெருநகரமான யாங்கோனில், முன்னாளில் இரங்கூன் என்று தமிழர் அழைத்த நகரில், தமிழ்க் குடும்பங்கள் பல தலைமுறைகளாக வாழ்ந்துவரும் பகுதிகளுள் தாமுவேயும் ஒன்று.

யாங்கோன் நகரைச் சுற்றி ஒரு வட்ட இருப்புப்பாதை உள்ளது. ஏறத்தாழ 46 கிலோமீட்டர் நீளமுள்ள அந்தப் பாதையில் பழைய வண்டிகள் ஒரு சுற்று முடிக்க மூன்று மணி நேரம் எடுத்துக்கொள்ளும். கீரைக் கட்டுகளும் பழக் கூடைகளும் சுமந்து வருவோர், பள்ளிப் பிள்ளைகள், கூலி வேலைக்குச் செல்வோர் எனப் பலரும் அதில் பயணம் செய்வர். அந்தப் பாதையில் தாமுவேயும் ஒரு நிலையம்.

அங்கு ஓர் இருக்கையில் நால்வர் வண்டிக்காகக் காத்திருப்பதாக எண்ணிக்கொள்ளுங்கள். நால்வரும் கற்பனையே. ஆனால் அவர்களின் முகங்களுக்குப் பின்னால் இருக்கும் வரலாறு கற்பனை அன்று.

முதல் முகம்: நடந்து போனவர்களும் நின்றுவிட்டவர்களும்

முதலில் ஒரு மூதாட்டி. இரு கன்னங்களிலும் பர்மியப் பெண்கள் பூசும் தனக்காச் சாந்து. இடுப்பில் பர்மியத் துணி. பேசுவது பர்மிய மொழி. நெற்றியில் மட்டும் தேய்ந்துபோன ஒரு கீற்றுத் திருநீறு. அதைக் கவனியாதவர் அவரைத் தமிழர் என்று அறிய வழியில்லை.

இவருடைய முன்னோர் ஏன் இங்கு வந்தனர்? 1852-இல் கீழ்ப் பர்மாவை ஆங்கிலேயர் கைப்பற்றினர். 1869-இல் சூயசுக் கால்வாய் திறக்கப்பட்டது. ஐராவதி ஆற்றின் கழிமுகச் சதுப்பு நிலங்கள் நெல்வயல்களாயின. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் உலகிலேயே மிகுதியாக அரிசி ஏற்றுமதி செய்யும் நாடாகப் பர்மா விளங்கியது. வயலுக்கும் அரிசி ஆலைக்கும் துறைமுகத்துக்கும் ஆள் தேவைப்பட்டது. சென்னையிலிருந்தும் நாகப்பட்டினத்திலிருந்தும் கப்பலின் மேல்தளத்தில் அமர்ந்து வங்கக் கடலைக் கடந்தவர்கள் ஏராளம். அவர்களைத் திரட்டியவர் மேஸ்திரிகள். கப்பல் கட்டணமே முதற்கடனாகி, கரை இறங்குமுன்பே பலர் கடனாளிகளாயினர். 1931-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் பர்மாவில் இந்தியர் பத்து இலட்சத்துக்கும் மேல். இரங்கூன் நகரிலோ மக்கள் தொகையில் பாதிக்கும் மேற்பட்டோர் இந்தியர்.

1941 டிசம்பர் 23 அன்று சப்பானிய விமானங்கள் இரங்கூன் மீது குண்டு வீசின. விமானங்களை வேடிக்கை பார்க்கத் தெருவில் திரண்டு நின்ற கூலித் தொழிலாளர் பலர் அங்கேயே மாண்டனர். இரண்டு நாட்களுக்குப் பின் மீண்டும் குண்டுகள் விழுந்தன. 1942 மார்ச்சு 8-இல் நகரம் சப்பானியர் வசமாயிற்று. அதற்கு முன்னும் பின்னும் நான்கு இலட்சத்துக்கும் மேற்பட்ட இந்தியர் பர்மாவை விட்டு வெளியேறினர். கப்பலிலும் விமானத்திலும் இடம் கிடைத்தவர் சிலரே. ஏனையோர் நடந்தனர். டாவுங்கப் கணவாய் வழியாக அக்கியாபுக்குச் சிலர். தாமு வழியாக மணிப்பூருக்குப் பலர். ஊக்கவுங் பள்ளத்தாக்கு வழியாக அசாமுக்கு வேறு சிலர். வாந்திபேதி, மலைக் காய்ச்சல், பசி, மழை. எத்தனை பேர் வழியில் இறந்தனர் என்பதற்குத் துல்லியமான கணக்கு இல்லை. பல்லாயிரம் பேர் என்பதில் ஐயமில்லை. பிரித்தானிய வரலாற்றறிஞர் ஹியூ டிங்கர் 1975-இல் இதைப் பற்றி எழுதிய கட்டுரையின் தலைப்பிலேயே "மறக்கப்பட்டது" என்று குறிக்க வேண்டியிருந்தது.

தமிழில் இப்பயணத்தை எழுதி வைத்தவர் வெ. சாமிநாத சர்மா. இரங்கூனில் 'ஜோதி' என்ற இதழை நடத்திய அவர், 1942-இல் தாமே நடந்து வந்து, அந்த அனுபவத்தை நூலாக்கினார். அவர் எழுத்தாளர்; எழுதினார். உடன் நடந்த பல்லாயிரவர் எழுதவில்லை.

இருக்கையில் அமர்ந்திருக்கும் மூதாட்டியின் குடும்பமோ நடக்கவே இல்லை. தாய் நிறைமாதக் கருவுற்றிருந்திருக்கலாம். தந்தைக்குக் காய்ச்சலாக இருந்திருக்கலாம். நின்றுவிட்டவர்கள் சப்பானியர் ஆட்சியில் மூன்று ஆண்டுகளைக் கழித்தனர். சிலர் 1944-இல் இரங்கூனுக்குத் தலைமையகத்தை மாற்றிய சுபாசு சந்திர போசின் இந்திய தேசிய இராணுவத்தில் சேர்ந்தனர். அதே காலத்தில் சயாம்–பர்மா இருப்புப்பாதை அமைக்கப்பட்டது. மலாயாவின் தோட்டத் தமிழர் பல்லாயிரம் பேர் அதற்குக் கொண்டுசெல்லப்பட்டு மடிந்தனர். அப்பாதையின் பர்மிய முனையான தன்பியூசயாட்டில் நேச நாட்டுப் போர்க் கைதிகளுக்கு ஒரு கல்லறைத் தோட்டம் உள்ளது. மூவாயிரத்துக்கும் மேற்பட்ட கல்லறைகள் அங்கு வரிசையாகப் பேணப்படுகின்றன. தமிழ்க் கூலிகளுக்கு அத்தகைய வரிசை இல்லை. பெயர் எழுதிவைக்கப்பட்டவனுக்குக் கல் கிடைத்தது. எழுதப்படாதவன் மண்ணோடு மண்ணானான்.

இரண்டாம் முகம்: பிரிந்துபோன உடன்பிறப்பு

அடுத்து எழுபது வயதைத் தாண்டிய ஒருவர். கையில் ஒரு துணிப்பை. அவருடைய அண்ணன் குடும்பம் 1965-இல் கப்பலேறிச் சென்னைக்குப் போயிற்று. இவரோ பெற்றோருடன் இங்கேயே தங்கிவிட்டார்.

1962 மார்ச்சு 2-இல் தளபதி நே வின் ஆட்சியைக் கைப்பற்றினார். 1963, 1964 ஆகிய ஆண்டுகளில் வங்கிகள், ஆலைகள், மொத்த வணிக நிலையங்கள், சில்லறைக் கடைகள் ஆகியன அரசுடைமையாயின. காலையில் கடை திறக்கச் சென்றவர், அக்கடை தமதன்று என்பதை வாசலில் நின்று அறிந்தார். 1964 மே மாதத்தில் ஐம்பது, நூறு கியாட்டுத் தாள்கள் செல்லாதவை என அறிவிக்கப்பட்டன. அடுத்த சில ஆண்டுகளில் ஏறத்தாழ மூன்று இலட்சம் இந்தியர் வெளியேறினர். பணத்தையும் நகையையும் எடுத்துச் செல்லக் கடுமையான கட்டுப்பாடுகள் இருந்தன. தமிழகத்துக்கு மட்டும் இலட்சத்துக்கும் மேற்பட்டோர் வந்தனர்.

போனவர்களின் கதையைத் தமிழகம் ஓரளவு அறியும். சென்னைக் கடற்கரை நிலையத்துக்கு எதிரே உள்ள பர்மா பஜார் அவர்களுக்காக உருவானதே. வியாசர்பாடியிலும் திருச்சியிலும் காரைக்குடியிலும் பர்மாத் தமிழர் குடியிருப்புகள் உண்டு. சென்னைப் பாரிமுனைப் பக்கம் மாலை வேளையில் தள்ளுவண்டியில் விற்கப்படும் அத்தோவும் மொயிங்காவும் அவர்களோடு கடல் கடந்து வந்த உணவுகள். வேறு சிலருக்குத் தமிழக முகாம் வாழ்வு ஒத்துவரவில்லை. பிறந்த மண்ணான பர்மாவுக்கே திரும்ப எண்ணி மணிப்பூர் வரை சென்றனர். எல்லையில் தடுக்கப்பட்டதால் மோரே என்னும் சிற்றூரிலேயே தங்கினர். இன்றும் அங்கு ஒரு தமிழ்ச் சங்கமும் தமிழர் கோயிலும் உள்ளன. தமிழகம் அவர்களுக்கு முன்னோரின் ஊர். பர்மா அவர்கள் பிறந்த ஊர். இரண்டுக்கும் நடுவே கிடைத்த இடத்தில் வீடு கட்டிக்கொண்டார்கள்.

எங்கும் போகாமல் தாமுவேயிலேயே இருந்துவிட்டவரைப் பற்றி யார் பேசுகிறார்கள்? 1965-க்குப் பின் தனியார் பள்ளிகள் அரசுடைமையாயின. 1966-இல் இந்திய, சீன மொழி நாளிதழ்கள் நிறுத்தப்பட்டன. தமிழ் வகுப்பறையை விட்டுக் கோயில் மண்டபத்துக்கும் வீட்டுத் திண்ணைக்கும் நகர்ந்தது. அண்ணன் தமிழில் எழுதிய கடிதத்தைத் தம்பியின் பிள்ளைகளால் படிக்க இயலாத காலம் வந்தது. சண்டையோ மனக்கசப்போ இல்லாமலேயே இரு குடும்பங்களுக்கிடையே கடிதங்கள் நின்றுபோயின. படிக்க ஆளில்லாத கடிதத்தை எவ்வளவு காலம்தான் எழுதுவது?

மூன்றாம் முகம்: இரண்டு பெயர் உள்ள மாணவன்

மூன்றாவதாக ஒரு மாணவன். வெள்ளைச் சட்டை, பச்சை லுங்கி. பர்மிய அரசுப் பள்ளிச் சீருடை அது. பள்ளிப் பதிவேட்டில் அவனுக்கு ஒரு பர்மியப் பெயர். வீட்டில் பாட்டி அழைப்பதோ ஒரு தமிழ்ப் பெயர். பர்மியத் தமிழரிடையே இது இயல்பான வழக்கம்.

1948-இல் நாடு விடுதலை பெற்றபோது, நீண்டநாள் வாழ்ந்த இந்தியர் குடியுரிமைக்கு விண்ணப்பிக்கச் சட்டத்தில் இடமிருந்தது. எழுத்தறியாதவர்களும், "இங்கேயே பிறந்தவனுக்குத் தாள் எதற்கு?" என்று எண்ணியவர்களும் விண்ணப்பிக்காமல் இருந்துவிட்டனர். பின்னர் 1982-இல் புதிய குடியுரிமைச் சட்டம் வந்தது. முதலாம் ஆங்கில–பர்மியப் போருக்கு முந்தைய ஆண்டான 1823-க்கு முன்பே நாட்டில் குடியேறியிருந்த இனங்களே மண்ணின் இனங்கள் என்று அது வகுத்தது. அரசு ஏற்றுக்கொண்ட 135 இனங்களின் பட்டியலில் தமிழர் இல்லை. குடிமக்கள் முழுக் குடிமக்கள், இணைக் குடிமக்கள், இயல்புரிமைக் குடிமக்கள் என்று மூவகையாகப் பிரிக்கப்பட்டனர். அட்டைகளின் நிறமும் வெவ்வேறு. அட்டையில் இனமும் மதமும் குறிக்கப்படும்.

இளையோர்களே, இங்கே சற்று நில்லுங்கள். அயல்நாட்டில் ஒரு தமிழ் மாணவனிடம் "உன் பெயரை எப்படி உச்சரிப்பது?" என்று ஆசிரியர் கேட்டால் அது ஒரு நிமிடச் சங்கடம். தாமுவே மாணவனுக்கு நிலைமை வேறு. கொள்ளுப்பாட்டன் எந்த ஆண்டு கப்பல் இறங்கினான் என்பது அவனுடைய உரிமையைத் தீர்மானிக்கும் கேள்வி. பாட்டனின் பதிவுத் தாள் ஒரு தகரப் பெட்டியில் பத்திரமாக இருந்தால் அவனுக்கு ஒரு வழி. போரிலோ தீயிலோ வெள்ளத்திலோ அது அழிந்திருந்தால் வேறு வழி. குடும்பக் கதை பொழுதுபோக்கு என்று நினைப்பவர்கள் இதை எண்ணிப் பார்க்க வேண்டும்.

நான்காம் முகம்: மறுபக்கத்தில் இருப்பவர்

நான்காவதாக அமர்ந்திருப்பவர் ஒரு பர்மியப் பெரியவர். தமிழர் இல்லை. இவரை ஏன் இந்த உரையில் சேர்க்க வேண்டும் என்று சிலர் கேட்கலாம். சேர்க்காவிட்டால் இந்த உரை பாதி உண்மையாகவே நிற்கும்.

இவருடைய பாட்டன் கழிமுகப் பகுதியில் ஒரு நெல் விவசாயி. விதைக்கும் மாட்டுக்கும் கடன் வாங்கினார். கடன் கொடுத்தவர் நாட்டுக்கோட்டைச் செட்டியார். ஆங்கிலேய வங்கிகள் எட்டிப்பாராத சிற்றூர்களுக்கும் கடன் கொண்டுசென்றவர்கள் செட்டியார்களே. கழிமுகம் வயலானதில் அவர்களின் முதலீட்டுக்குப் பெரும்பங்கு உண்டு. ஆனால் 1930-ஐ ஒட்டி உலகப் பொருளாதாரம் சரிந்தபோது நெல்விலை வீழ்ந்தது. கடனைத் திருப்ப இயலாத விவசாயிகளின் நிலம் கடன் கொடுத்தவர் கைக்குச் சென்றது. 1930-இல் கீழ்ப் பர்மாவின் முதன்மை நெல் மாவட்டங்களில் ஏறத்தாழ ஆறு விழுக்காடு நிலம் செட்டியார்களிடம் இருந்தது. 1937-இல் அது ஏறத்தாழ இருபத்தைந்து விழுக்காடாக உயர்ந்தது. செட்டியார்கள் நிலத்தை விரும்பியதைவிடப் பணத்தையே விரும்பினர் என்பது உண்மை. நிலத்தை இழந்தவனுக்கு அந்த வேறுபாடு ஆறுதல் தராது என்பதும் உண்மை.

1930 மே மாதத்தில் இரங்கூன் துறைமுகத்தில் இந்தியத் தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்தனர். அவர்களுக்கு மாற்றாகப் பர்மியர் அமர்த்தப்பட்டனர். வேலைநிறுத்தம் முடிந்ததும் அந்தப் பர்மியர் வெளியேற்றப்பட, கலவரம் மூண்டது. நூற்றுக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். இறந்தவருள் பெரும்பாலோர் அன்றாடங்காய்ச்சிகளான இந்தியத் தொழிலாளர். அவர்களைத் தாக்கியவர்களும் அன்றாடங்காய்ச்சிகளே. அவ்விருவருடைய வறுமையிலும் ஆதாயம் கண்டவர் வேறு இடத்தில் இருந்தனர்.

இப்போது அந்த இருக்கையை மீண்டும் பாருங்கள். மூதாட்டிக்கும் பர்மியப் பெரியவருக்கும் இடையே ஒரு முழ இடைவெளிதான். அவர் பாட்டன் இழந்த நிலத்தின் கதை இவருக்குத் தெரியாது. இவர் குடும்பம் அடைந்த அச்சத்தின் கதை அவருக்குத் தெரியாது. இருவரும் ஒரே கடையில் தேநீர் அருந்துகிறார்கள்; ஒரே அங்காடியில் மீன் வாங்குகிறார்கள். ஒருவரை ஒருவர் இனப் பெயரால் மட்டும் அறிந்தால் பகை எளிது. வாழ்க்கைக் கதையால் அறிந்தால் அது அவ்வளவு எளிதன்று.

உலகம் அறிந்த முகம்

தாமுவேயில்தான் கியாய்க்கசான் திடல் உள்ளது. முன்பு குதிரைப் பந்தயம் நடந்த இடம். 1961 முதல் 1971 வரை ஐக்கிய நாடுகள் அவையின் பொதுச் செயலாளராக விளங்கிய ஊ தாண்ட் 1974 நவம்பரில் நியூயார்க்கில் காலமானார். அவருடைய உடல் தாயகம் கொண்டுவரப்பட்டபோது அரசு உரிய மரியாதை அளிக்கவில்லை. உடல் இந்தத் திடலில்தான் மக்கள் பார்வைக்கு வைக்கப்பட்டது. மக்கள் திரள்திரளாக வந்தனர். டிசம்பர் 5 அன்று மாணவர்கள் அவரது உடற்பேழையைப் பல்கலைக்கழகத்துக்குத் தாங்களே எடுத்துச் சென்றனர். சில நாட்களில் படையினர் புகுந்து அதனை மீட்டனர், உயிரிழப்புகளும் நேர்ந்தன.

ஓர் உலகத் தலைவரின் முகத்தை நினைவில் நிறுத்தவே மாணவர்கள் அத்துணைப் போராட வேண்டியிருந்தது. அதே திடலின் அருகே பிறந்து, உழைத்து, மறைந்த ஒரு சுமைத் தொழிலாளியின் முகத்தை யார் நினைவில் நிறுத்துவார்? அவருடைய பேரப்பிள்ளைகள் நிறுத்தினால்தான் உண்டு. வேறு எவரும் அதற்காக வரப்போவதில்லை.

பெற்றோரும் இளையோரும் செய்யக்கூடியவை

1952-இல் வெளிவந்த 'பராசக்தி' திரைப்படத்தின் அண்ணன் தம்பியர் இரங்கூனில் வாழ்ந்தவர்கள். பெற்றோர் பலர் அப்படத்தைப் பலமுறை பார்த்திருப்பர். இராமநாதபுரம், சிவகங்கை, புதுக்கோட்டை, தஞ்சை மாவட்டங்களில் வேர் கொண்ட குடும்பங்களில் பர்மா சென்ற ஒருவரேனும் இருந்திருக்க வாய்ப்பு மிகுதி. முன்னோர் வீட்டில் பர்மாத் தேக்குத் தூண் நின்றிருந்தால், அது யார் உழைப்பில் வந்தது என்று கேளுங்கள். பர்மா இல்லையெனில் மலாயாவாக இருக்கலாம், இலங்கையாக இருக்கலாம், பீஜியாக இருக்கலாம்.

1942-இல் நடந்தவர்களுள் அன்று பத்து வயதுப் பிள்ளையாக இருந்தவருக்கே இன்று தொண்ணூறைத் தாண்டிவிட்டது. 1964-இல் கப்பலேறிய சிறுவர்கள் முதுமை அடைந்துவிட்டனர். காத்திருக்கக் காலம் இல்லை. எனவே எளிய சில வழிகள்:

1. பொருளிலிருந்து தொடங்குங்கள். பழைய நிழற்படம், தகரப் பெட்டி, பதிவுத் தாள், ஒரு கடிதம். "உங்கள் வாழ்க்கையைச் சொல்லுங்கள்" என்றால் பெரியவர்கள் மௌனமாவர். "இந்தப் பெட்டி யாருடையது?" என்றால் பேசத் தொடங்குவர்.

2. ஆண்டு, ஊர், கப்பல், உடன் வந்தவர் பெயர் ஆகியவற்றைக் கேளுங்கள். விடுபட்டவற்றை வற்புறுத்தாதீர்கள். அழுகை வந்தால் பதிவை நிறுத்திவிட்டு, அருகில் அமர்ந்திருங்கள்.

3. கைப்பேசியில் ஒலிப்பதிவு செய்து, கோப்பின் பெயரிலேயே நாள், இடம், பேசியவர் பெயர் ஆகியவற்றைக் குறியுங்கள். குறைந்தது இரண்டு இடங்களில் படி எடுத்து வையுங்கள். பெயரிடப்படாத கோப்பு, பெயரில்லாத கல்லறைக்குச் சமம்.

4. கேட்டதைத் தமிழில் ஒரு பக்கமேனும் எழுதுங்கள். பிழை இருப்பினும் குற்றமில்லை. தாத்தாவின் கதையைத் தமிழில் எழுத முயலும் பிள்ளைக்கு மொழி ஏன் தேவை என்று தனியே விளக்க வேண்டியதில்லை.

5. மியான்மரில் வாழும் உறவினரிடம் பேசும்போது மிகுந்த கவனம் தேவை. 2021 பிப்ரவரி 1-இல் நிகழ்ந்த இராணுவப் புரட்சிக்குப் பின் அங்கு வாழ்வோரின் நிலை எளிதானதன்று. அவர்கள் பெயரையோ படத்தையோ அவர்களின் ஒப்புதல் இன்றி எங்கும் வெளியிடாதீர்கள். ஒருவரின் கதையை அறியும் ஆவல் அவருக்குத் தீங்காகிவிடக் கூடாது.

இறுதியாக ஒன்று. நாளை பள்ளிக்கோ அலுவலகத்துக்கோ செல்லும் வழியில் அறிமுகம் இல்லாத ஒருவர் உங்கள் எதிரே அமர்வார். அவர் சோமாலியாவிலிருந்து வந்தவராக இருக்கலாம். வியட்நாமிலிருந்தோ போலந்திலிருந்தோ வந்தவராகவும் இருக்கலாம். அவருடைய பாட்டியும் எங்கேனும் ஒரு மலைப்பாதையில் நடந்திருக்கக்கூடும். அவருக்கும் வீட்டில் வேறு ஒரு பெயர் இருக்கக்கூடும். எல்லோரிடமும் சென்று கதை கேட்க இயலாது, கேட்பதும் முறையன்று. ஆனால் கேட்கப்படாத ஒரு கதை அங்கே இருக்கிறது என்று உணர்ந்து பார்க்கும் பார்வைக்கும், உணராமல் பார்க்கும் பார்வைக்கும் வேறுபாடு உண்டு. தங்கள் மீது எந்தப் பார்வை விழ வேண்டும் என்று தமிழ்ப் பிள்ளைகள் விரும்புகிறார்களோ, அதே பார்வையை அவர்கள் பிறருக்கும் வழங்கட்டும்.

கதை கேட்க முறையும் உரிமையும் உள்ள இடம் ஒன்று உண்டு. அது அவரவர் வீடு. இன்று இல்லம் திரும்பியதும் ஊருக்குத் தொலைபேசியில் அழைத்து, தாத்தாவிடமோ பாட்டியிடமோ ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: "நீங்கள் முதன்முதலாக வீட்டை விட்டுக் கிளம்பிய நாள் நினைவிருக்கிறதா?"